விரதம் என்று சொன்னாள்

வேணுகா விழுந்தால் முதலில் எழும்பிவிடுவாள். நோகிறதா இல்லையா என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பாள். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் நாலாம் மாடி வீட்டில் நடை பழகிய நாளிலிருந்தே அப்படித்தான். அழாத பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். மெச்சியவர்களில் ஒருவருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

தகப்பன் இராஜசிங்கத்துக்கு பேர்ண் நகரில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை. தாய் சிவகலாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வேணுகா ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் வகுப்போடு பனித்தளத்துக்குக் கூட்டிப்போன அன்று, பின்பக்கமாகச் சறுக்கத் தெரியாத பிள்ளையைக் கோலுக்குள் நிறுத்தினார்கள். நிறுத்தின இடத்தில் அவள் நின்றுவிட்டாள். தாதியர் படிப்புக்கு உயர்கல்லூரியில் சேர்ந்தபோது அங்கிருந்த பெண்கள் ஐஸ் ஹொக்கி அணி கோல் வாசல் காக்கிற கோலி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. முதல் கிழமையே சேர்த்துக்கொண்டார்கள்.

"பிள்ளை ஸ்போர்ட் செய்யிறாள்," என்று சிவகலா கோவிலில் சொல்லுவாள். என்ன ஸ்போர்ட் என்று ஒருவரும் கேட்டதில்லை. பல்கனியில் காயப்போட்ட கால்கவசத்தையும் நெஞ்சுக்கவசத்தையும் பார்த்து, "செத்த ஆட்டின்ர மணமடி உது. உதைப் போட்டுக்கொண்டு நிக்கிறவளை எவன் கட்டுவான்?" என்பாள். சொல்லிக்கொண்டே கையுறைகளுக்குள் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணிப்பாள், ஈரம் உறிஞ்சட்டும் என்று.

மூன்றாம் வருஷம் தொடங்கியபோது புதுப் பயிற்றுநர் வந்தாள். ரெகுலா. ஐம்பதைக் கடந்தவள், எம்மென்தால் பக்கத்துக்காரி, பகலில் தபால் பிரிக்கும் நிலையத்தில் மேற்பார்வை. முந்தியவன் இளம்பெடியன், தோற்றால் பியர் வாங்கிக் கொடுப்பான், வென்றாலும் வாங்கிக் கொடுப்பான். ரெகுலா முதல் நாளே பக் என்கிற ரப்பர் வட்டுகளை எல்லாம் வாளிக்குள் போட்டு மூடிவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் சறுக்க மட்டும் விட்டாள்.

"நான் கத்துவன். அழுகிறவை உடுப்பு மாத்துற அறையில அழுதுபோட்டு வாங்கோ," என்றாள். "தலையில ஆருக்கும் அடிபட்டால் நான் 'தலை எப்பிடி?' எண்டு கேப்பன். உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட மண்டைக்குள்ள நான் போய்ப் பாக்க ஏலாது."

இன்னொன்றும் சொன்னாள். கல்லூரிப் போட்டித்தொடரில் இரண்டு ஆட்டங்களுக்கு ஆள் சேர்க்க முடியாமல் போகும் அணி நீக்கப்படும். நீக்கினால் அவர்களுடைய ஐஸ் நேரம் ஆண்களின் இரண்டாம் அணிக்குப் போய்விடும். போனது திரும்பி வராது.

ஒக்ரோபர் முடிவதற்குள் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். ரெகுலாவின் கத்தலுக்கு மூன்று பேர், பரீட்சைக்கு இரண்டு பேர், ஒருத்தி முழங்காலுக்கு. பிறகு சேர்ந்திருந்த மற்றக் கோலி லோசானுக்குப் படிக்கப் போய்விட்டாள். மீதிப் பேரில் நாலு பேர் காய்ச்சலில் படுத்த கிழமை ஒரு ஆட்டம் கைவிட்டுப் போனது. இன்னும் ஒன்று போனால் அணி இல்லை. ஆடின ஆட்டங்கள் எல்லாமே தோல்வி. ஒன்றில் ஒன்பது கோல் விட்டுவிட்டு வந்த வேணுகாவிடம் ரெகுலா, "முப்பத்தெட்டை நிப்பாட்டியிருக்கிறாய். அதை நினைச்சுப் படு," என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பெண்ணுக்காக வேணுகா சுவரில் முட்டச் சொன்னாலும் முட்டியிருப்பாள்.

கோல் வாசலில் நிற்க இனித் தான் ஒருத்திதான் என்பது அவள் மனதில் ஏறிக்கொண்டது. தான் போனால் அணி போய்விடும். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. யாரும் இல்லை என்று மறுக்கவும் இல்லை.

கந்தசஷ்டி வந்தது. உயர்கல்லூரியில் இடம் கிடைத்ததிலிருந்து வேணுகா அந்த ஆறு நாளும் விரதம் பிடிப்பவள். இரவில் ஒருதரம் பாலும் பழமும், மற்றப்படி தண்ணீர். தாய் கட்டாயப்படுத்தியதில்லை, இவளாகத்தான் தொடங்கினாள், தொடங்கினதை விடுகிற ஆள் இல்லை. நாலாம் நாள் துன் நகரில் ஆட்டம் விழுந்தது. இரண்டாவது பகுதியில், காலடியில் கிடந்த பக்கைப் பொத்திக்கொள்ளக் குனிந்தபோது எதிரணிக்காரி ஒருத்தி தடுக்கி விழுந்து, அவளுடைய முழங்கால் வேணுகாவின் ஹெல்மெட்டில் மோதியது. ஹெல்மெட் போய்க் கோல் கம்பத்தில் அடித்தது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே இருக்கிற மூளை அசைவதை அது தடுக்காது. இதை வேணுகா போன வசந்தத்தில்தான் படித்து எழுதிச் சித்தியடைந்திருந்தாள்.

எழும்பிவிட்டாள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தன.

ரெகுலா, ஆட்டக்காரர் உட்காரும் வாங்குக்கு மேலால் எட்டிக் கத்தினாள். "தலை எப்பிடி?"

"நல்லம்."

ஆட்டம் முடிந்ததும் கழிவறையில் மண்டியிட்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் மஞ்சள் பித்தம் மட்டும் வந்தது. அணித்தலைவி செரைனா கதவைத் தட்டினாள். நெட்டைப் பெண், வாய் மூடாதவள்.

"உள்ளுக்கை என்ன, பிள்ளையே பெறுறாய்?"

"விரதம். நாலு நாளாச் சாப்பிடேல்லை."

செரைனா போய் ரெகுலாவிடம் சொல்லிவிட்டாள். ரெகுலா வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நாலு நாளாச் சாப்பிடாமலோ கோலுக்குள்ள நிண்டனீ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அது எங்கட சமயம்."

சுவிஸ்காரர் மற்றவரிடம் கேட்கக் கூசும் விஷயங்கள் இரண்டு. ஒன்று சம்பளம், மற்றது சமயம். "அடுத்த முறை முதலே சொல்லு," என்றுவிட்டுப் போனாள். இவ்வளவு வல்லமையான சொல் ஒன்று தன்னிடம் இருந்ததை வேணுகா அன்றுதான் கண்டாள்.

வீட்டிலும் அது வேலை செய்தது. தலையிடிக்குது என்றாள், பசியில் பித்தம் ஏறியிருக்கு என்றாள் தாய். லைட்டைப் போடாதேங்கோ என்றாள். விரதக்காரருக்கு அப்படித்தான் என்றாள் தாய். ஆறாம் நாள் சூரன்போருக்குக் கோவிலில் சனம் நெரிந்தது. மேளம் ஒவ்வொரு அடியும் அவளுடைய கண்ணுக்குப் பின்னால் விழுந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடி நின்றாள். கண்ணீர் வழிந்தது.

"பிள்ளை எவ்வளவு பக்தியா நிக்குது, பாருங்கோ," என்றாள் தில்லைநாயகி. சிவகலாவோடு ஆஸ்பத்திரியில் ஒரே பிரிவில் வேலை செய்கிறவள். அரை பேர்ணுக்குச் சம்பந்தம் பேசிவைக்கிறவள். "இந்தக் காலத்தில இப்பிடி ஒண்டு கிடைக்குமே, சிவகலா? சூரிச்சில ஒரு இஞ்சினியர் பெடியன் இருக்கிறான். கதைச்சுப் பாக்கட்டோ?"

"கதையுங்கோ அக்கா," என்றாள் சிவகலா, முகம் மலர.

மறுநாள் விரதம் முடிக்கும் பாரணை. சோறும் பருப்பும் பொரித்த கத்தரிக்காயும். வேணுகா சாப்பிட்டாள். சாப்பிட்டு எழும்பின கையோடு அத்தனையும் வெளியே வந்தது. சிவகலா மகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது பழிபோட விரதம் இல்லை.

"தலையில அடிபட்டதோ?"

வேணுகா வாயைக் கொப்பளித்தாள்.

"உன்னைத்தான் கேக்கிறன், பிள்ளை."

"ஓம்."

"எப்ப?"

"துன்னில."

சிவகலா கழிவறைக் கதவைச் சாத்தினாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். லுசேர்ணில் அவளுடைய தமக்கை மகள் யதுஷா சைக்கிளால் விழுந்து தலை அடிபட்டவள். ஒரேயொரு தரம் வலிப்பு வந்தது. அது கோவில் வரைக்கும் வந்து சேர்ந்தது. பேசி முடித்த சம்பந்தம் நின்றது, அடுத்ததும் நின்றது. மருந்தே இல்லாமல் இன்றைக்கு வங்கியில் வேலை செய்யும் அந்தப் பெண்ணை இப்போதும் சனம் "வலிப்புக்காரப் பிள்ளை" என்றுதான் அடையாளம் சொல்லுகிறது.

"ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றாள். "விரதக் களைப்பு இன்னும் போகேல்லை எண்டு சொல்லு. அப்பாவுக்கும் அதுதான். அந்தாள் சமையலறையில நிண்டு உளறிப்போடும்."

"அம்மா, இதுக்கு டொக்டரிட்டைப் போகோணும்."

"நீயே சொல்லு, போனால் என்ன செய்வினம்?"

"இருட்டறையில படுக்கச் சொல்லுவினம். விளையாடக் கூடாது எண்டுவினம். நான் நிக்காட்டி அணி போயிடும்."

"இருட்டறை இஞ்சயும் இருக்கு. விளையாட்டை விடு. முடிஞ்சுது."

சிவகலா விபரம் தெரியாதவள் இல்லை. தலையில் அடிபட்டவர்களின் அறைகளை வருஷக்கணக்காகத் துடைத்தவள். யன்னல் மறைப்பை இழுத்துவிட்டாள், ரேடியோவை நிறுத்தினாள், ஈரத்துணி மடித்து நெற்றியில் வைத்தாள். பார்த்ததை எல்லாம் சரியாகத்தான் செய்தாள். டொக்டர் வந்து போவது மட்டும்தான் அதில் இல்லை.

வேணுகா தாய் சொன்னதில் பாதியைக் கேட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. விளையாட்டை விடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விண்டர்தூர் அணியோடு ஆட்டம். இன்னும் ஒரு ஆட்டத்துக்கு வராவிட்டால் முடிந்தது என்பது அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கிழமை முதியோர் இல்லத்தில் அவளுக்குச் செயல்முறைப் பயிற்சி. மருந்துக் குளிசைப் பெட்டியைக் கையில் எடுத்தால் எழுத்துகள் வழுக்கின. பொறுப்புத் தாதியிடம் போய், குளிசை கொடுக்கிறதை விட்டுவிட்டுக் குளிப்பாட்டுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவ்வளவுக்குப் புத்தி இருந்தது. தனக்கு முன்னால் இப்படி ஒரு நோயாளி இருந்தால் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டாள் என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்தும், வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனாள். ஒருத்தியின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டைச் சிரித்தபடி தின்று காட்டினாள்.

ஞாயிறு காலை, தாய் வேலைக்குப் போன பிறகு, மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

முதல் பகுதியில் மூன்று விட்டாள். பக் வருவது தெரியவில்லை; வந்து படுவது மட்டும் தெரிந்தது. செரைனா பக்கத்தால் சறுக்கிப் போகும்போது, "என்னடி, கண்ணை வீட்டில வைச்சிட்டே வந்தனீ?" என்றாள். இரண்டாம் பகுதியில் தூரத்திலிருந்து ஒருத்தி அடித்த பக், வேகம்கூட இல்லை, ஹெல்மெட்டின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. விசில் ஒலித்தது. வேணுகா நிமிர்ந்து நின்றாள், தடியை எடுத்தாள், நேராகச் சறுக்கிப்போய் விண்டர்தூர்க்காரரின் வாங்கில், அவர்களின் நடுவில், உட்கார்ந்தாள்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். விண்டர்தூர்ப் பெண்கள் தள்ளி இருந்து இடம் கொடுத்தார்கள். வேணுகாவும் சிரித்தாள். தண்ணீர்ப் போத்தலைத் தேடினாள்; தன்னுடையதைக் காணவில்லை. ஏன் எல்லாரும் சிவப்பு உடுப்புப் போட்டிருக்கிறார்கள் என்று யோசித்தாள்.

ரெகுலா சப்பாத்தோடு ஐஸில் இறங்கி, இரண்டு தரம் வழுக்கி, வந்து சேர்ந்தாள். வேணுகாவின் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவளுடைய முகத்துக்கு நேரே குந்தினாள்.

"இப்ப எத்தனையாவது பகுதி?"

"விரதம்," என்றாள் வேணுகா.

"நீ இண்டைக்கும் சாப்பிடேல்லையோ?"

"விரதம்."

"அது முடிஞ்சுதே," என்றாள் பின்னால் வந்து நின்ற செரைனா. அவளுடைய குரலில் பகிடி இல்லை. "வியாழக்கிழமை கேக் சாப்பிட்டவள். நான்தான் வெட்டிக் குடுத்தன்."

ரெகுலா வேணுகாவின் தடியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ," என்றாள். "செரைனா, நீ கோலுக்குப் போ. அந்தப் பழைய கோலி உடுப்பை எடுத்துப் போடு."

அதற்குப் பிறகு நடந்ததில் வேணுகாவுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. சக்கரக் கட்டில். மேலே ஓடும் விளக்குகள். யாரோ அவளுடைய நெஞ்சுக்கவசத்தின் பட்டிகளைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். வெட்ட வேண்டாம், அது கல்லூரியின் சாமான் என்று சொல்ல நினைத்தாள். பிறகு ஒரு மங்கலான அறை, கண்களுக்கு மேல் துணி. துணிக்கு வெளியே குரல்கள்.

அது தாய் வேலை செய்யும் ஆஸ்பத்திரி. சிவகலா கீழ்மாடியிலிருந்து வேலை உடுப்போடு ஓடி வந்திருந்தாள், கூடவே தில்லைநாயகியும்.

"ஸ்கேனில சின்ன இரத்தக்கசிவு தெரியுது," என்று ஒரு பெண் டொக்டர் ஜேர்மனில் சொன்னாள். "ஒபரேஷன் தேவைப்படாது எண்டு நினைக்கிறம். ஆனால் இண்டைக்குப் பட்ட அடி இதுக்குக் காணாது. முந்தி எப்பவாவது அடிபட்டதோ? வாந்தி, தலையிடி?"

துணிக்குக் கீழே வேணுகா வாயைத் திறக்கப் பார்த்தாள், நாக்கு எழும்பவில்லை.

"விரதம் பிடிச்சவள், டொக்டர்," என்றாள் தில்லைநாயகி, உதவியாக. "ஆறு நாள். அந்தக் களைப்பு."

"இல்லை," என்றாள் சிவகலா. ஜேர்மனில் சொன்னாள், பிறகு தில்லைநாயகிக்கும் விளங்கட்டும் என்பதுபோலத் தமிழிலும் சொன்னாள். "அது விரதம் இல்லையக்கா. துன்னில தலை அடிபட்டது. போன கிழமையெல்லாம் சத்தி, தலையிடி. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லாதை எண்டு சொன்னனான்."

தில்லைநாயகியின் சப்பாத்துகள் கொஞ்சம் பின்னுக்குப் போகும் சத்தம் கேட்டது. டொக்டர் ஒன்றும் திட்டவில்லை. எத்தனை தரம் வாந்தி, எந்த நாளிலிருந்து என்று கேட்டாள். சிவகலா ஒவ்வொன்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னாள்.

டொக்டர் போன பிறகு ரெகுலாவின் குரல் கேட்டது. அவ்வளவு நேரமும் அவள் சுவரோரம் நின்றிருக்க வேண்டும்.

"நான் கேட்டனான். நல்லம் எண்டாள்."

"இவளுக்கு அணி போயிடும் எண்டு பயம்," என்றாள் சிவகலா. "இவள் நிக்காட்டி எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சாள். இண்டைக்கு என்ன நடந்தது? முடிஞ்சுதோ?"

"இல்லை. செரைனா நிண்டவள். பதினாலு விட்டம்."

"அவ கோலியோ?"

"இல்லை. ஆர் வேணுமெண்டாலும் நிக்கலாம். கோலி உடுப்புப் போட்டு ஒருத்தி நிண்டால் ஆட்டம் ஆடினதாத்தான் கணக்கு. தோக்கிறதுக்கு நீக்க மாட்டினம்."

"அப்ப இவள் வராட்டிலும் உங்கட அணி இருந்திருக்கும்."

"ஓம்."

"அது இவளுக்குத் தெரியுமோ?"

"நான் சொல்லேல்லை. ஆரும் நிக்கலாம் எண்டு சொன்னால் ஒழுங்கா வரமாட்டினம் எண்டு நினைச்சன்."

துணிக்குக் கீழே வேணுகா அவ்வளவையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் தலைக்குள் அழுத்தம் கூடும் என்று படித்திருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

இரத்தக்கசிவு தானாக நின்றது. தலையிடி நிற்கவில்லை. அந்தத் தவணை போய்விட்டது. ஐந்து வரி வாசித்தால் ஆறாவது வரியில் முதலாவது மறந்தது. தாதி வேலைக்குத் திரும்பலாமா என்று கேட்டதற்கு டொக்டர், "கோலுக்குள்ள இனி இல்லை. மற்றதைப் பொறுத்துப் பாப்பம்," என்றாள். பொறுத்துப் பார்ப்போம் என்பதை நோயாளிகளிடம் எப்போது சொல்வார்கள் என்று வேணுகாவுக்குத் தெரியும்.

சூரிச் இஞ்சினியரைப் பற்றிய பேச்சு எழும்பவே இல்லை. கோவிலுக்குப் போய்வந்த இராஜசிங்கம் சப்பாத்தைக் கழற்றியபடி, "எல்லாரும் பிள்ளையின்ர தலையைப் பற்றித்தான் கேக்கினம்," என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அடிபட்டது எண்டன்."

"அதுதான் சரி," என்றாள் சிவகலா. "தேத்தண்ணி ஊத்தட்டோ?"

டிசெம்பரில் ஒரு நாள் ரெகுலா வீட்டுக்கு வந்தாள். கத்தாமல் கதைக்கத் தெரியாதவள் என்பதால் பெரும்பாலும் பேசாமல் இருந்தாள். போகும்போது வாசலில் வைத்துச் சிவகலாவிடம் ஒரு உதவி கேட்டாள். ஆட்கள் இப்போது பத்துப் பேர்தான். ஆட்டம் ஓடும்போது ஆள் மாறுவதற்கு வாங்குக்கும் ஐஸுக்கும் இடையிலுள்ள கதவைத் திறந்து மூட ஒருவர் வேண்டும். தான் கதவைப் பார்த்தால் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை.

"எனக்கு அந்த விளையாட்டில ஒண்டும் தெரியாது," என்றாள் சிவகலா.

"கதவு திறக்கத் தெரியுமெல்லோ?"

நத்தார் விடுமுறைக்கு முந்திய ஞாயிறு சிவகலா தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு பேருந்தில் போனாள். வேணுகா இருட்டறையில் படுத்திருந்தாள். ஃபோன் பார்க்கக் கூடாது, டிவி கூடாது, நினைப்பதற்கு மட்டும் தடை இல்லை. செரைனா இடது பக்கம் பலவீனமானவள். முழங்காலை முந்தி மடக்கிவிடுவாள். அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று யோசித்தாள். யோசித்ததில் தலை இடித்தது. யோசிப்பதை விட்டாள்.

பொழுதுபட்ட பிறகு தாய் வந்தாள். லைட்டைப் போடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோட்டில் குளிர் இருந்தது.

"என்ன மாதிரி?"

"நல்ல குளிர். அந்தக் கதவு இறுக்கம், என்ர தோள் போச்சுது. ஒருத்தி தாண்டி வரேக்க காலை மிதிச்சுப்போட்டாள். அந்த நெட்டைப் பெட்டை கோலுக்குள்ள நிண்டு கதைச்சுக்கொண்டே நிக்கிறாள், வாய் மூடுறாளில்லை."

"எத்தனை விட்டவை?"

"பதினொண்டு."

"நாங்கள்?"

"ஒண்டு. அடிச்ச பிள்ளை வந்து என்னையும் கட்டிப்பிடிச்சாள். ஒரே வேர்வை."

வேணுகா சிரித்தாள். "ஒண்டு அடிச்சினமோ?"

"ஓம், ஒண்டு."

சிவகலா எழும்பிக் கோட்டைக் கழற்றினாள், தொப்பியைக் கதவுப்பிடியில் கொழுவினாள். சமையலறைக்குப் போய்ச் சோற்றை அடுப்பில் வைத்தாள், வெங்காயம் உரித்தாள். தட்டில் சோறும் ரசமும் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, மகளை நிமிர்த்தித் தலையணையைச் சரிசெய்தாள்.

வேணுகா தட்டை வாங்கினாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"அம்மா, எப்ப வந்தனீங்கள்? மட்ச் என்ன மாதிரி? எத்தனை விட்டவை?"

சிவகலாவின் கை தலையணையில் நின்றது. பிறகு அதன் ஓரத்தை இழுத்து மடித்தாள்.

"பதினொண்டு," என்றாள். "நாங்கள் ஒண்டு அடிச்சனாங்கள்."

"ஒண்டு அடிச்சினமோ?"

"ஓம், பிள்ளை. சாப்பிடு."